குழந்தை விழுந்ததை யார் சொல்வது: பெங்களூரு வீடு ஒன்றின் நிகழ்வு ஆய்வு

குழந்தையைப் பார்த்துக்கொள்ள வருபவர் எப்படி இருக்க வேண்டும் என்று பெற்றோரிடம் கேட்டால் பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும்: நம்பிக்கையான ஆளாக இருந்தால் போதும். இன்னும் கொஞ்சம் கேட்டால் சுத்தம், அன்பு, போன் நோண்டக் கூடாது, சொல்லாமல் லீவு போடக் கூடாது என்று பட்டியல் நீளும். இந்த எதிர்பார்ப்புகளில் தப்பு எதுவும் இல்லை. ஆனால் பகல் முழுக்க ஒரு கைக்குழந்தையோடு தனியாக இருக்கும் பெண்ணுக்கு, எந்த நேரத்தில் எதை விட்டுவிட்டு எதைச் செய்ய வேண்டும் என்று அந்தப் பட்டியல் சொல்வதில்லை. ஏதாவது தப்பு நடந்துவிட்டால் வாய் திறந்து சொல்லும் தைரியத்தையும் அது கொடுப்பதில்லை.

பெங்களூரில் குழந்தை பார்ப்பவர்களுக்குத் தமிழிலும் கன்னடத்திலும் பயிற்சி கொடுப்பதும், வீட்டுக்காரருக்கும் அவர்களுக்கும் நடுவில் சிக்கல் வந்தால் உட்கார்ந்து பேசுவதும் என் வேலை. அப்படிப் பேச வந்த ஒரு வீட்டின் கதை இது. இரண்டு தரப்பின் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன். பெயர்களைத் தவிர்த்திருக்கிறேன்.

வீடும் ஆட்களும்

அம்மா திருநெல்வேலிக்காரர், அப்பாவுக்குக் கோயம்புத்தூர். இருவரும் ஐ.டி. வேலையில் இருப்பவர்கள். குடியிருப்பது சர்ஜாபூர் ரோட்டை ஒட்டிய கசவனஹள்ளியில். அம்மாவின் அலுவலகம் பெல்லந்தூர் பக்கம், அவுட்டர் ரிங் ரோட்டில். 2017-இல் திருத்தப்பட்ட மகப்பேறு சட்டத்தின்படி அவருக்கு 26 வாரம் சம்பளத்தோடு விடுப்பு கிடைத்தது. அதன் பிறகு கையிலிருந்த சொந்த விடுப்பைப் போட்டு இழுத்தார். பிரசவத்துக்கு வந்த ஆச்சி (அம்மாவின் அம்மா), ஊரில் தாத்தாவுக்குச் சர்க்கரை ஏறியதும் பாளையங்கோட்டைக்குத் திரும்பிவிட்டார்.

50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனம் குழந்தைக் காப்பக வசதி செய்துதர வேண்டும் என்றும் அதே சட்டம் சொன்னது. அம்மாவின் நிறுவனமும் ஒரு காப்பகத்தோடு ஏற்பாடு செய்து வைத்திருந்தது. ஆனால் காலை நெரிசலில் ஏழு மாதக் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு அங்கே போய்ச் சேர்வதற்குள் ஒரு வேளைப் பால் நேரம் தாண்டிவிடும். அப்பாவுக்கு அவருடைய நிறுவனம் கொடுத்தது சில நாள்கள்தான். தனியார் துறையில் தந்தைக்கு விடுப்பு கொடுத்தே ஆக வேண்டும் என்று நம் நாட்டில் சட்டம் இல்லை. ஆக, வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ள ஆள் தேடினார்கள்.

ஏஜென்சி ஒன்று ஒரு மாதச் சம்பளத்தைக் கமிஷனாக வாங்கிக்கொண்டு ஆள் அனுப்பியது. பெற்றோரிடம், "டிரெயினிங் முடித்த நானி, பிடிக்காவிட்டால் மூன்று தடவை மாற்றித் தருவோம்" என்று சொன்னார்கள். வந்தவரிடம், "பாப்பாவைப் பார்த்துக்கிட்டா போதும், வேற வேலை இல்ல" என்று சொல்லி அனுப்பினார்கள். இரண்டுமே உண்மையில்லை. ஒரே வேலையைப் பற்றி இரண்டு தரப்புக்கு இரண்டு கதை சொல்லி வைத்ததில்தான் பின்னால் வந்த பாதிச் சிக்கல் இருக்கிறது.

வந்தவருக்கு வயது 38. ஈஜிபுராவில் குடியிருக்கிறார். அவருடைய அப்பா அம்மா திருவண்ணாமலைப் பக்கத்திலிருந்து கட்டட வேலைக்கு வந்து இங்கேயே தங்கிவிட்டவர்கள். எட்டாவது வரை படிப்பு. மகள் ஒன்பதாம் வகுப்பு, மகன் ஆறாம் வகுப்பு. இதற்கு முன் கோரமங்களாவில் இரட்டைக் குழந்தைகளைக் கைக்குழந்தையிலிருந்து நடக்கும் வரை வளர்த்துவிட்டவர். வீட்டில் எல்லோரும் அக்கா என்றே கூப்பிட்டார்கள்; நானும் அப்படியே எழுதுகிறேன்.

2024 பிப்ரவரியில் சேர்ந்தார். காலை 8 மணி முதல் மாலை 7 மணி வரை, வாரத்தில் ஆறு நாள், மாதம் 18,000 ரூபாய். பெண்களுக்குப் பஸ் இலவசம் என்பதால் போக்குவரத்துச் செலவு இல்லை. ஆனால் ஈஜிபுராவில் அப்போது கட்டி முடிக்காமல் கிடந்த மேம்பாலத்தைச் சுற்றி வண்டிகள் ஊர்ந்தால், ஆறே முக்காலுக்குக் கிளம்பியும் சில நாள் எட்டரை ஆகிவிடும். அந்த அரை மணி நேரம்தான் அப்பாவின் முதல் புகார்.

ஏப்ரலில் நடந்தது

ஏப்ரலில் ஒரு நாள் காலை பதினொன்று இருபதுக்கு ஹாலில் இருந்த திவானிலிருந்து குழந்தை தரையில் விழுந்தது. அப்போது அதற்கு ஒன்பது மாதம். உயரம் ஒன்றரை அடிதான். ஆனால் கீழே டைல்ஸ். அக்கா ஓடிவந்து தூக்கினார், ஈரத்துணி வைத்தார், தோளில் போட்டுக்கொண்டு நடந்தார். குழந்தை கொஞ்ச நேரம் அழுதது, பால் குடித்தது, தூங்கியது. நெற்றியில் வலப்பக்கம் புடைத்திருந்தது. அக்கா யாருக்கும் போன் செய்யவில்லை.

மாலை நாலரைக்கு டீ குடிக்கும்போது அம்மா போனில் ஹால் கேமராவின் பதிவைத் தள்ளித் தள்ளிப் பார்த்திருக்கிறார். அப்படிப் பார்க்கும்போதுதான் கண்ணில் பட்டது. வீட்டுக்கு வந்தார், கத்தினார், அக்காவை அப்போதே போகச் சொல்லிவிட்டு, குழந்தையைத் தூக்கிக்கொண்டு கணவரோடு மருத்துவமனைக்கு ஓடினார்.

அங்கே குழந்தை மருத்துவர் கேட்ட கேள்விகள் இவை: விழுந்தவுடன் அழுதாளா, கொஞ்ச நேரம் மயங்கிக் கிடந்தாளா? வாந்தி உண்டா? பால் எப்போதும்போல் குடித்தாளா? தூங்கினாள் என்றால் வழக்கமான தூக்கமா, எழுப்பினால் எழுந்தாளா? இவை எதற்கும் பெற்றோரிடம் பதில் இல்லை. கேமராவில் சத்தம் பதிவாகவில்லை, படுக்கையறை தெரியவில்லை. பதில் தெரிந்த ஒரே ஆள், அழுதுகொண்டே ஈஜிபுராவுக்குப் பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தார். அப்பா திரும்பத் திரும்பக் கூப்பிட்ட பிறகுதான் அவர் போனை எடுத்தார். மருத்துவர் ஸ்பீக்கரில் போடச் சொல்லி அவரிடமே கேட்டார். அக்கா ஒவ்வொன்றாகச் சொன்னார்: விழுந்த உடனே அழுதது, வாந்தி இல்லை, பன்னிரண்டு மணிக்கு முழு பாட்டில் குடித்தது, ஒன்றே முக்கால் வரை தூங்கி எழுந்து சிரித்தது. ஸ்கேன் வேண்டாம், இரண்டு நாள் கண்காணித்தால் போதும் என்று மருத்துவர் அனுப்பிவிட்டார். திரும்பத் திரும்ப வாந்தி, எழுப்ப முடியாத தூக்கம், வலிப்பு, பால் குடிக்க மறுப்பது, காதிலோ மூக்கிலோ தண்ணீர்போல் வடிவது, உச்சிக்குழி புடைப்பது: இதில் ஒன்று தெரிந்தாலும் உடனே வரச் சொன்னார்.

இந்த ஆய்வில் நான் முக்கியமாகப் பிடித்துக்கொள்ள விரும்புவது அந்த ஸ்பீக்கர் போனைத்தான். தவழத் தொடங்கிய குழந்தை விழும். அம்மா மடியிலிருந்தும் விழும், ஆச்சி கண்ணெதிரிலும் விழும். ஆபத்து எங்கே இருந்தது என்றால், தலையில் அடிபட்ட குழந்தையை அடிபட்டது தெரியாமலேயே ஐந்து மணி நேரம் விட்டிருந்ததில். அந்த நேரத்தில் வாந்தி வந்திருந்தால், "காலையில் கொடுத்த ராகிக் கூழ் சேரவில்லை போல" என்று அம்மா நினைத்திருப்பார்.

மறுநாள்

ஏஜென்சி சொன்னபடி அடுத்த நாளே வேறு ஆளை அனுப்பியது. குழந்தை அவரிடம் போகவே இல்லை. எட்டு, ஒன்பது மாதத்தில் குழந்தைக்கு முகம் அடையாளம் நன்றாகப் பிடிபடும். புதிய ஆளைக் கண்டால் மிரளும், பழகிய ஆளைத் தேடும். மூன்று தடவை மாற்றித் தருகிறோம் என்பதை ஏஜென்சிகள் ஏதோ கேரண்டி மாதிரி விற்கின்றன. அந்த வயதுக் குழந்தைக்கு அது எவ்வளவு பெரிய தண்டனை என்று விற்பவர்களும் யோசிப்பதில்லை, வாங்குபவர்களும் யோசிப்பதில்லை. அம்மா லீவு போட்டு வீட்டில் உட்கார்ந்தார். குழந்தை பாட்டிலைத் தட்டிவிட்டுக்கொண்டே இருந்தது. கடைசியில் வீடியோ காலில் ஆச்சிதான் சொன்னாராம்: "ஏட்டி, நீ விழாமலா வளந்த? அந்தப் பிள்ளையவே கூப்பிடு. என்ன நடந்துச்சுன்னு பொறுமையா கேளு."

அதே அடுக்ககத்தில் எங்களுக்குத் தெரிந்தவர் ஒருவர் வழியாக அம்மா என்னிடம் வந்தார்.

தனித்தனியாகக் கேட்டபோது

இப்படிப்பட்ட வழக்குகளில் இரண்டு பேரையும் முதலில் ஒன்றாக உட்கார வைப்பதில்லை. வைத்தால் ஒருவர் குற்றம் சாட்டுவார், மற்றவர் தலையைக் குனிந்துகொள்வார். ஒன்றும் வெளியே வராது.

அம்மாவிடம் முதலில் கேட்டபோது வழக்கமான பட்டியல்தான் வந்தது. பிறகு வேறு மாதிரி கேட்டேன்: ஆபீஸில் இருக்கும்போது எந்த நேரத்தில் பயம் வரும்? யோசித்துப் பதில் சொன்னார். பதினொன்றிலிருந்து பன்னிரண்டு வரை ஸ்டேட்டஸ் மீட்டிங், போனைப் பார்க்க முடியாது. அந்த ஒரு மணி நேரம் வயிற்றைப் பிசையும். குழந்தை சிரித்ததா, புதிதாக ஏதாவது செய்ததா என்று யாராவது சொன்னால் நன்றாக இருக்கும். அதைக் கேட்டால் அக்கா "எல்லாம் சரியா இருக்கு மேடம்" என்று முடித்துவிடுவார். "அந்த 'சரியா இருக்கு'ல எனக்கு ஒண்ணுமே தெரியல. அதனாலதான் கேமராவையே பாத்துக்கிட்டிருந்தேன்" என்றார். அன்பு, சுத்தம், நேர்மை எல்லாவற்றுக்கும் அடியில் அவர் எதிர்பார்த்தது இதைத்தான்: நான் இல்லாத நேரத்தில் என் குழந்தைக்கு என்ன நடந்தது என்று எனக்குத் தெரிய வேண்டும்.

அப்பாவுக்கு நேரம் தவறாமை, லீவு, காசு. அவரைக் குறை சொல்ல மாட்டேன். அக்கா அரை மணி தாமதமானால் அவருடைய காலை மீட்டிங் போய்விடும். அதற்கு அலுவலகத்தில் பதில் சொல்ல வேண்டியவர் அவர்தான்.

அக்காவை ஈஜிபுராவில் அவர் வீட்டிலேயே போய்ப் பார்த்தேன். ஏன் சொல்லவில்லை என்று கேட்கவில்லை. அன்று காலையிலிருந்து என்னென்ன செய்தீர்கள் என்று வரிசையாகச் சொல்லச் சொன்னேன். அது பெங்களூரில் தண்ணீர்த் தட்டுப்பாடு உச்சத்தில் இருந்த கோடை. அந்த அடுக்ககத்தில் டேங்கர் தண்ணீரை நேரம் வைத்துத்தான் விட்டார்கள். காலைத் தவணை பதினொன்றிலிருந்து பன்னிரண்டு. அதற்குள் வாளி, டிரம் எல்லாம் நிரப்ப வேண்டும், துணி நாப்கினைத் துவைத்து அலச வேண்டும். சேரும்போது சொல்லாத வேலைகள் இவை. "நீங்க வீட்லதானே இருக்கீங்க, கொஞ்சம் புடிச்சு வச்சிடுங்க" என்று நடுவில் வந்து சேர்ந்தவை. அன்று குழாய் ஓடிக்கொண்டிருக்கிறது, காலிங் பெல் அடிக்கிறது, கூரியர்காரர். குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஈரக் கையோடு போனால் வழுக்கும் என்று பயந்து, திவானில் தலையணை அணை கட்டி உட்கார வைத்துவிட்டுக் கதவைத் திறக்கப் போனார். கையெழுத்துப் போடுவதற்குள் சத்தம் கேட்டது.

அம்மா அதிகமாகப் பயந்த அதே ஒரு மணி நேரத்தில்தான் வீட்டு வேலைகள் எல்லாம் அக்காவின் தலையில் குவிந்திருந்தன. இரண்டும் ஒரே நேரம் என்பது அம்மாவுக்கும் தெரியாது, அக்காவுக்கும் தெரியாது.

அப்புறம் அவரே தயங்கித் தயங்கி இன்னொன்று சொன்னார். அந்த வீட்டில் எந்தக் கழிப்பறையைப் பயன்படுத்தலாம் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. கேட்கவும் கூச்சம். அடுக்ககத்தில் வேலைக்காரர்களுக்கு என்று பேஸ்மென்டில் ஒரு கழிப்பறை உண்டு. குழந்தை தூங்கும் வரை அடக்கிக்கொண்டு இருந்துவிட்டு, தூங்கியதும் கதவைப் பூட்டிக்கொண்டு லிஃப்டில் இறங்கிப் போய்விட்டு ஓடி வருவாராம். தினமும். அந்த நேரத்தில் குழந்தை வீட்டில் தனியாக இருந்திருக்கிறது.

இதை அம்மாவிடம் சொல்லும்போது அவர் முகத்தைப் பார்க்க எனக்கே கஷ்டமாக இருந்தது. "ரெண்டு பாத்ரூம் இருக்கே, அவங்க யூஸ் பண்ணுவாங்கன்னுதான் நெனச்சேன்" என்றார். நினைத்தது உண்மைதான். சொல்லவில்லை. பதினோரு மணி நேரம் வேலை செய்யும் ஒருவர் எங்கே போவார் என்ற கேள்வி அந்த வீட்டில் ஒரு தடவைகூட எழவில்லை. இதற்குப் பெயர் கல்நெஞ்சம் இல்லை. ஆனால் அதன் விலையைக் குழந்தை கொடுத்திருக்கும்.

ஏன் போன் செய்யவில்லை என்பதற்கான காரணமும் கேட்காமலேயே வந்தது. மார்ச்சில் ஒரு பால் பாட்டில் கை தவறி உடைந்திருக்கிறது. அன்றே சொன்னார். அப்பா, "பரவால்ல, சம்பளத்துல புடிச்சுக்கிறோம்" என்று 600 ரூபாயைப் பிடித்துக்கொண்டார். "பாட்டில் ஒடஞ்சதுக்கே காசு புடிச்சாங்க டீச்சர். பாப்பா விழுந்துச்சுன்னு சொன்னா வேல போயிடும்னு நெனச்சேன். சாயங்காலத்துக்குள்ள வீக்கம் வத்திடும்னு சாமிய வேண்டிக்கிட்டேன்."

600 ரூபாய் அந்தக் குடும்பத்துக்குப் பெரிய தொகை இல்லை. அவர்கள் அந்தப் பிடித்தத்தை மறந்தே போயிருந்தார்கள். ஆனால் அந்த வீட்டில் உண்மை சொன்னால் என்ன நடக்கும் என்பதை அக்கா அன்றுதான் கற்றுக்கொண்டார்.

மூன்று எஜமானர்கள்

குழந்தையைப் பற்றி அக்காவுக்குக் கட்டளை இட்டவர்கள் மூன்று பேர். அம்மா மருத்துவர் சொன்னபடி நடக்கச் சொல்வார்: ஒரு வயது வரை தேன், உப்பு, சர்க்கரை கூடாது, மல்லாக்கத்தான் படுக்க வைக்க வேண்டும், டி.வி., போன் காட்டக் கூடாது. அப்பா, "சாப்பிடலன்னா ரெண்டு நிமிஷம் ரைம்ஸ் போட்டு ஊட்டிடுங்க" என்பார். மத்தியானம் ஆச்சி வீடியோ காலில் வந்து, குளிப்பாட்டியதும் மூக்கில் இரண்டு சொட்டு எண்ணெய், சாம்பிராணிப் புகை, மாந்தத்துக்கு வசம்பைச் சுட்டு உரைத்து நாக்கில் தடவு என்பார். மூக்கில் எண்ணெய் விட்டால் நுரையீரலுக்குப் போகும், வசம்பு நச்சாகலாம் என்று இன்றைய மருத்துவர்கள் வேண்டாம் என்கிறார்கள். அக்கா யார் பேச்சைக் கேட்பது? மூவருக்கும் "சரி" சொல்லிவிட்டு, தனக்குத் தோன்றியதைச் செய்துகொண்டிருந்தார். "எல்லாம் சரியா இருக்கு மேடம்" என்பது அங்கிருந்து பிறந்த பதில்தான்.

"டிரெயினிங் முடித்த நானி" என்று அனுப்பப்பட்டவருக்கு ஏஜென்சி ஒரு நாள்கூடப் பயிற்சி கொடுக்கவில்லை. அனுபவம் நிறைய இருந்தது. குழந்தையின் அழுகை பசிக்கா, தூக்கத்துக்கா, வயிற்று வலிக்கா என்று அறைக்கு வெளியிலிருந்தே சொல்வார். அதை எந்த வகுப்பிலும் கற்றுத்தர முடியாது. ஆனால் தொண்டையில் ஏதாவது சிக்கினால் காலைப் பிடித்துத் தலைகீழாகத் தூக்கித் தட்டுவேன் என்றார். பெற்றோரிடம் கேட்டேன், அவர்களுக்கு அதுவும் தெரியவில்லை.

அதனால் அம்மா, அப்பா, அக்கா மூவருக்கும் ஒன்றாகவே பொம்மையை வைத்துச் சொல்லிக்கொடுத்தோம். ஒரு வயதுக்குள் இருக்கும் குழந்தை அழக்கூட முடியாமல் திணறினால், தலை தாழ்ந்திருக்கும்படி முன்கையில் குப்புறப் போட்டு, தோள்பட்டைகளுக்கு நடுவில் உள்ளங்கையின் அடிப்பகுதியால் ஐந்து தட்டு, வெளியே வராவிட்டால் மல்லாக்கத் திருப்பி மார்பு எலும்பில் ஐந்து அழுத்து, மாறி மாறி. வாய்க்குள் கண்மூடித்தனமாக விரலை விட்டுத் துழாவக் கூடாது. இன்னொருவர் 108-க்குப் போன் போட வேண்டும். அப்பா அதை அக்காவை விட மெதுவாகத்தான் கற்றுக்கொண்டார். அவர் பேச்சில் மரியாதை கூடியது அதற்குப் பிறகுதான் என்று எனக்குத் தோன்றியது.

பால் விஷயத்திலும் ஒரு திருத்தம் தேவைப்பட்டது. அம்மா கறந்து ஃபிரிட்ஜில் வைத்துவிட்டுப் போகும் தாய்ப்பாலை அக்கா பசும்பால் மாதிரி அடுப்பில் காய்ச்சிக் கொடுத்துக்கொண்டிருந்தார். நல்லெண்ணத்தில்தான். வெந்நீர்க் கிண்ணத்தில் பாட்டிலை நிறுத்திச் சூடாக்கினால் போதும், ஃபிரிட்ஜில் நாலு நாள், வெளியே அதிகபட்சம் நாலு மணி நேரம், குழந்தை குடித்து வைத்த மிச்சம் இரண்டு மணி நேரத்துக்கு மேல் கூடாது என்று ஒரு தாளில் எழுதி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டினோம்.

என்ன மாற்றினோம்

அக்காவைத் திரும்ப அழைப்பது என்று குடும்பம் முடிவு செய்தது. அவர் உடனே ஒத்துக்கொள்ளவில்லை. கத்தியது மனதில் இருந்தது. அம்மா ஈஜிபுராவுக்கே போய்ப் பேசினார். நான் கூடப் போகவில்லை, போயிருக்கவும் கூடாது.

பிறகு ஒரு தாளில் தமிழில் எழுதிக்கொண்டோம். குழந்தை விழித்திருக்கும் நேரத்தில் குழந்தை வேலை மட்டும். அதன் சாப்பாடு, துணி, பாட்டில் தவிர வேறு வேலை கிடையாது. தண்ணீர் பிடிப்பதற்கு அடுக்ககத்தில் பாத்திரம் தேய்க்க வருபவரிடம் தனியாகக் காசு கொடுத்து ஏற்பாடு செய்தார்கள். கூரியர் எல்லாம் செக்யூரிட்டியிடம் விட்டுப் போகும்படி மாற்றினார்கள். குழந்தை பற்றிய முடிவு அம்மாவுடையது; ஆச்சி எது சொன்னாலும், அப்பா எது சொன்னாலும், "பாப்பா அம்மாகிட்ட கேட்டுட்டுச் செய்றேன்" என்று சொல்லும் உரிமை அக்காவுக்கு உண்டு. ஹாலை ஒட்டிய பாத்ரூம் அவருக்கும். சாப்பாட்டு மேசையில் சாப்பாடு. இதை எழுதும்போது அக்காதான் அதிகம் நெளிந்தார்.

கேமரா விஷயத்தில் நீண்ட பேச்சு நடந்தது. எடுத்துவிட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. பேச முடியாத குழந்தையை விட்டுவிட்டுப் போகும் பெற்றோரின் பயம் நியாயமானது. ஆனால் கேமரா இருப்பதை வேலைக்குச் சேரும் நாளிலேயே சொல்ல வேண்டும், எங்கெங்கே என்று காட்ட வேண்டும். உடை மாற்றும் இடத்திலோ கழிப்பறையிலோ ஒரு பெண்ணைப் படம் எடுப்பது குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 77-ஆவது பிரிவின்படி குற்றம். இந்த வீட்டில் ஹாலில் ஒன்று, குழந்தை அறையில் ஒன்று என்று முடிவானது. அக்கா, "ஹால்ல இருக்கிறது எனக்கு மொதல்லயே தெரியும் மேடம்" என்றார். தெரிந்தும் கேமராவுக்கு முன்னால்தான் எல்லாம் நடந்தது. கேமரா இருந்தால் ஆள் கவனமாக இருப்பார் என்று நம்புகிறவர்கள் இதை யோசிக்க வேண்டும்.

சம்பளத்துக்கு வருகிறேன். 18,000 ரூபாயை 26 நாள், 11 மணி நேரம் என்று வகுத்தால் மணிக்கு 63 ரூபாய் வருகிறது. அப்பா அந்தக் கணக்கைத் தானே கால்குலேட்டரில் போட்டுப் பார்த்துவிட்டுச் சும்மா இருந்தார். வீட்டு வேலையைக் குறைந்தபட்ச ஊதியச் சட்டத்தின் கீழ் 2004-லேயே கொண்டுவந்த மாநிலம் கர்நாடகம். ஆனாலும் ஒரு வீட்டில் தனி ஆளாக வேலை செய்பவருக்கு பி.எஃப்., இ.எஸ்.ஐ. எல்லாம் எட்டாக் கனிதான். வீட்டுப் பணியாளர்களின் உரிமைக்கான உலகத் தொழிலாளர் அமைப்பின் 189-ஆவது உடன்படிக்கை 2011-இல் வந்தது. இந்தியா இன்னும் அதை ஏற்று உறுதிசெய்யவில்லை. தொழில்முறை நானி வேண்டும் என்று கேட்கும் வீடு, தொழிலுக்கு உண்டானதைக் கொடுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. எட்டரையிலிருந்து ஆறரை வரை, 21,000 ரூபாய், ஆறரைக்கு மேல் ஒவ்வொரு மணிக்கும் 100 ரூபாய், மாதம் ஒரு நாள் சம்பளத்தோடு லீவு, எந்தப் பொருள் உடைந்தாலும் பிடித்தம் இல்லை, நிறுத்துவதானாலும் நிற்பதானாலும் ஒரு மாதம் முன்னால் சொல்ல வேண்டும் என்று முடிந்தது. பழைய 600 ரூபாயையும் திருப்பிக் கொடுத்தார்கள்.

நோட்டு

அப்பா மொபைல் ஆப் ஒன்றைக் காட்டினார். அக்கா தமிழை எழுத்துக்கூட்டி வாசிப்பார். ஆங்கில ஆப் அவருக்கு உதவாது. கோடு போட்ட நோட்டு ஒன்று வாங்கி, பால், சாப்பாடு, தூக்கம், மலம் என்று கட்டம் போட்டோம். கடைசிக் கட்டத்துக்கு "இன்னிக்கு நடந்தது" என்று பெயர். அடி, கீறல், வாயில் போட்டது, பயந்தது, புதிதாகச் செய்தது எல்லாம் அதில் வர வேண்டும்.

முதல் வாரம் கடைசிக் கட்டம் வெறுமையாகவே இருந்தது. அம்மா சோர்ந்துபோய் எனக்குப் போன் செய்தார். காத்திருங்கள் என்றேன். இரண்டாவது வாரத்தில் ஒரு வரி வந்தது: "கொத்தமல்லி தண்டு வாய்ல போட்டுச்சு எடுத்துட்டேன்." அன்று மாலை அம்மா சொன்ன பதில்தான் எல்லாவற்றையும் தீர்மானிக்கும் என்று அவரிடம் முன்கூட்டியே சொல்லி வைத்திருந்தேன். "நல்லவேளை பாத்தீங்கக்கா" என்றாராம். ஏன் கீழே கிடந்தது என்று கேட்கவில்லை. அதற்குப் பிறகு வரிகள் வரத் தொடங்கின. "கதவு இடுக்குல வெரல் வச்சுச்சு. சிவப்பா இருக்கு. அழுது நின்னுடுச்சு." "பால்கனில புறாவ பாத்து கா கா சொல்லுது." "தூங்கல. எனக்கும் தலவலி." அந்தக் கடைசி வரியைப் படித்துவிட்டு அம்மா மறுநாள் அரை நாள் முன்னதாக வந்து அக்காவை அனுப்பி வைத்திருக்கிறார்.

செப்டம்பரில் காய்ச்சல் வந்தது. குழந்தைக்கு ஒரு வயது தாண்டியிருந்தது. பகல் பதினொன்றரைக்குத் தொட்டுப் பார்த்து, தெர்மாமீட்டர் வைத்து, 101.6 என்று பார்த்ததும் அக்கா போன் செய்தார். அம்மா மீட்டிங்கில், எடுக்கவில்லை. தாளில் எழுதியிருந்தபடி அடுத்தது அப்பா, அவர் எடுத்தார். குழந்தையின் எடைக்கு எவ்வளவு பாராசிட்டமால் என்று மருத்துவர் எழுதிக் கொடுத்த அளவு ஃபிரிட்ஜில் ஒட்டியிருந்தது. அதைப் போனில் வாசித்துச் சரிபார்த்த பிறகே கொடுத்தார். அப்பா வீட்டுக்கு வரும்போது எந்த நேரத்தில் எவ்வளவு காய்ச்சல், எப்போது மருந்து, எவ்வளவு சிறுநீர் என்று நோட்டில் எல்லாம் இருந்தது.

தீராமல் நின்றவை

எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுத முடியாது. தாமதம் பற்றிய பேச்சு ஓயவில்லை. எட்டரைக்கு மாற்றிய பிறகும் மழை நாள்களில் ஒன்பதாகும். மணிக்கு 100 ரூபாய் என்று எழுதியதை முதல் இரண்டு மாதம் அப்பா மறந்துபோனார், அக்கா கேட்கவில்லை, நான் நினைவூட்ட வேண்டியிருந்தது. ஆச்சி வசம்பை விடவில்லை. பார்சலில் அனுப்பியே விட்டார். அது அலமாரியில் இருக்கிறது.

2025 மார்ச்சில் அக்காவின் மகளுக்குப் பத்தாம் வகுப்புப் பரீட்சை. மகளோடு இருக்க அவர் தொடர்ந்து லீவு கேட்டார். மாதம் ஒரு நாள் என்றுதானே எழுதினோம் என்று அப்பா தாளை எடுத்தார். இந்த இடத்தில் நான் அக்காவின் பக்கம்தான் நின்றேன். இன்னொருவர் பிள்ளையை வளர்ப்பவருக்குத் தன் பிள்ளையின் பரீட்சை இருக்காதா? பாளையங்கோட்டையிலிருந்து ஆச்சி கிளம்பி வந்தார். லீவில் பாதிக்குச் சம்பளம், பாதிக்கு இல்லை என்று பேசி முடித்தார்கள். எனக்கு அதில் முழுத் திருப்தி இல்லை. அக்கா போதும் என்றார்.

2025 ஜூனில் குழந்தை ப்ளே ஸ்கூலுக்குப் போகத் தொடங்கியது. இனி அரை நாள் ஆள் போதும் என்று குடும்பம் ஒரு மாதம் முன்னாலேயே சொல்லிவிட்டது. அரை நாள் சம்பளத்தில் அக்காவுக்குக் கட்டுப்படியாகாது. ஹெச்.எஸ்.ஆர். லேஅவுட்டில் நாலு மாதக் கைக்குழந்தை உள்ள இன்னொரு தமிழ் வீட்டுக்கு அம்மாவே பேசி விட்டார். அங்கே முதல் சந்திப்பில் அக்கா பழைய தாளின் நகலை எடுத்து மேசையில் வைத்திருக்கிறார். கழிப்பறை, சாப்பாடு, போன் செய்ய வேண்டிய வரிசை, கேமரா எல்லாவற்றுக்கும் அந்த வீடு சம்மதித்துவிட்டது. ஆறரைக்கு மேல் வேலை செய்தால் தனிக் காசு என்பதற்கு மட்டும் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை. அதைப் பேச அடுத்த வாரம் என்னையும் வரச் சொல்லியிருக்கிறார்கள்.